தெரிந்த முகவரி

கடையிலிருந்து,
ஜனவரி 9

அன்புள்ள தங்கைக்கு,

நானும் உன் அண்ணியும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, மாப்பிள்ளைக்கு வேலை ஏதாவது அமைந்ததா என்று விவரமாக எழுது.

நவம்பர் கடைசியில் கடையில் ஒரு திருட்டு நடந்தது. பூட்டு உடையவில்லை, கல்லாவில் யாரும் கை வைக்கவில்லை. ஒருவன் தொலைபேசியில் அழைத்து, லேசர் மட்டக்கருவி மூன்று வேண்டும் என்றான். கட்டட வேலையில் சுவரின்மேல் சிவப்புக் கோடு விழச் செய்து மட்டம் பார்ப்பார்களே, அந்தக் கருவி. கிரெடிட் கார்டு எண்ணைச் சொன்னான், பணம் வந்தது, அன்றே கூரியரில் அனுப்பச் சொன்னான், அனுப்பினேன். சில வாரங்கள் கழித்து, கார்டின் உண்மையான சொந்தக்காரர் தாம் எதையும் வாங்கவில்லை என்று தம் வங்கியில் முறையிட்டார். வங்கி அவருடைய பணத்தை அவருக்குத் திருப்பிக் கொடுத்தது. என் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தது. கருவியும் போயிற்று, பணமும் போயிற்று. வங்கிக்குப் போய்க் கேட்டேன். "கார்டை நேர்ல பாக்காம வித்தா அப்படித்தான் சார், ரிஸ்க் உங்களோடது" என்று, மழை வருகிறது குடை எடுத்துப் போங்கள் என்று சொல்லும் குரலில் அந்த அதிகாரி சொன்னார்.

கோபப்படுவதை விட்டு யோசித்துப் பார்த்தேன். அவன் பேரம் பேசவில்லை. ஒரு ஸ்க்ரூவுக்குக்கூடத் தள்ளுபடி கேட்கிற கட்டடத் தொழிலில், மூன்று கருவி கேட்டவன் விலையைக்கூடக் கேட்கவில்லை. உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று விசாரிக்கவில்லை. முதலில் சொன்ன கார்டு செல்லவில்லை. தயங்காமல் இன்னொன்றைச் சொன்னான். கார்டுக்குரிய முகவரி ஓர் ஊரில், சரக்கு போக வேண்டியது வேறு ஊரில். இத்தனையும் என் கண்ணெதிரே இருந்தன. மாதக் கடைசி, விற்றால் போதும் என்று இருந்துவிட்டேன். உன் அண்ணி, "எம்.எஸ்ஸி. படிச்சவரை ஏமாத்த ஒரு போன் போதும்போல" என்றாள்.

ஆகவே இப்போது கடையில் ஒரு விதி வகுத்திருக்கிறேன். கார்டின் முகவரியும் சரக்குப் போகும் முகவரியும் வேறாக இருந்தால், கார்டு கொடுத்த வங்கியின் வழியாகச் சொந்தக்காரரை அழைத்துப் பேசாமல் ஒரு பெட்டியும் கடை வாசலைத் தாண்டாது. கட்டடம் நடக்கும் இடங்களுக்குச் சரக்குக் கேட்பவர்கள் பலர் என்பதால் ஒரே ஒரு விலக்கு வைத்திருக்கிறேன்: நானே நேரில் போய்வந்த இடமாக இருந்தால் அழைக்க வேண்டியதில்லை. இந்த விதியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்


மாடிவீட்டிலிருந்து,
ஜனவரி 24

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் இருவரும் மாமியாரும் சுகம். முழங்கால், படியேறும்போது மட்டும் நானும் இருக்கிறேன் என்று சொல்கிறது. அண்ணியின் ரத்த அழுத்தம் குறைந்ததா? மாத்திரையை மறக்காமல் போடச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை இவர் சத்தமாகப் படித்தார். இரண்டு தடவை படித்தார். "உங்க அண்ணன் வாத்தியாராப் போயிருக்க வேண்டியவர்" என்று சிரித்தார். டைல்ஸ் கம்பெனி மூடியதிலிருந்து இவர் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. வேலை இன்னும் அமையவில்லை. நாள் முழுதும் ஆண்பிள்ளை வீட்டிலேயே இருந்தால் வீடு சின்னதாகிவிடுகிறது அண்ணா. அதற்குமேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஒரு விஷயம் கேட்கச் சொன்னார். எங்கள் கீழ்வீட்டுக்குக் கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவர் குடிவந்திருக்கிறார். அவருக்கு மட்டக்கருவிகள் தேவைப்படுமாம். அவருடைய பங்காளிகள் வெவ்வேறு ஊரில் இருப்பதால் கார்டும் ஆளுக்கொன்றாக இருக்குமாம். எங்கள் வீட்டு முகவரி, நீங்கள் போய்வந்த இடம் என்ற கணக்கில் சேருமா, அதற்கும் போன் போட்டுத்தான் பார்ப்பீர்களா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்.

அண்ணிக்கு என் அன்பு.

உங்கள் தங்கை


கடையிலிருந்து,
பிப்ரவரி 6

அன்புள்ள தங்கைக்கு,

நலம். அண்ணி மாத்திரை போடுகிறாள். போட்டுக்கொண்டே என்னைத் திட்டுகிறாள். ஆகவே மாத்திரை வேலை செய்கிறது என்று கொள்ளலாம்.

மாப்பிள்ளையின் கேள்விக்கு விடை: உன் வீடு நான் போய்வந்த இடம் மட்டுமா? உன் திருமணத்துக்கு மறுமாதம், மாப்பிள்ளையும் மாமியாரும் வெளியூர் போயிருந்தபோது, நீ தனியாக இருக்கப் பயப்படுகிறாய் என்று ஒரு வாரம் அங்கே பாயில் படுத்துக் கிடந்தவன் நான். உன் வீட்டு மாடிப்படியில் எந்தக் கல் ஆடும் என்பதுவரை எனக்குத் தெரியும். அந்த முகவரிக்கு நான் தொலைபேசியில் விசாரித்தால் அது உன்னைச் சந்தேகிப்பதாகும். ஒப்பந்தக்காரரைத் தாராளமாக அழைக்கச் சொல். மாப்பிள்ளைக்கு அவர் மூலமாக ஏதாவது வேலை அமையுமானால் எனக்கும் நிம்மதி.

இதை உன் அண்ணியிடம் சொன்னேன். "அந்த ஆளை நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். வீட்டைப் பார்த்திருக்கிறேன் என்றேன். அவள் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டாள்.

அன்புடன்,
அண்ணன்


கடையிலிருந்து,
ஏப்ரல் 18

தங்கைக்கு,

நலம். அங்கும் அவ்வாறே என நம்புகிறேன்.

தொலைபேசியில் மூன்று முறை பேசிப் பார்த்தேன். மூன்று முறையும் நீ "ம்" என்றாய். பக்கத்தில் யாரோ நிற்கும்போது சொல்லும் "ம்" அது. எனவே எழுதுகிறேன்.

மார்ச் மாதத்தில் உன் கீழ்வீட்டு ஒப்பந்தக்காரர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் நான்கு முறை அழைத்தார். நான்கு வெவ்வேறு கார்டுகள். விலை உயர்ந்த கருவிகளாகவே கேட்டார். பேரம் இல்லை. இரண்டாவது முறை பெட்டி கட்டும்போது உன் அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வீடு உங்க தங்கச்சி வீடு, சரி. கார்டு யாரோடது?"

என் தங்கையின் வீட்டு வாசலில் சந்தேகத்தைக் கொண்டுபோய் வைக்காதே என்று அவளிடம் கடுமையாகப் பேசினேன். மற்ற இரண்டு பெட்டிகளுக்கும் முகவரிச் சீட்டை அவளே ஒட்டிக் கொடுத்தாள்.

கார்டுக்காரர்கள் நால்வரும் இப்போது தத்தம் வங்கியில் முறையிட்டிருக்கிறார்கள். நால்வரும் அந்தக் கருவியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லையாம். பணம் போனது பெரிதல்ல என்று பொய் சொல்ல மாட்டேன், பெரிதுதான். ஆனால் அதைவிடப் பெரிது ஒன்று இருக்கிறது. இத்தனை முறையீடுகள் வரும் கடைக்குக் கார்டு வாங்கும் வசதியை வங்கி விட்டுவைக்காது. கட்டடக்காரர்கள் ரொக்கமாகக் கொடுப்பவர்கள் அல்லர்; வேலை முடிந்து கைக்குக் காசு வரும்வரை கார்டில்தான் ஓட்டுகிறார்கள். கார்டு தேய்க்கும் அந்த இயந்திரம் போனால் கடை போயிற்று.

பெட்டிகளை யார் வாங்கினார் என்பதற்குச் சான்று இருந்தால் ஜூன் தொடங்குவதற்குள் கொடுக்கலாம் என்று வங்கியில் சொல்லியிருக்கிறார்கள். கீழ்வீட்டுக்காரர் யார், எங்கே வேலை செய்கிறார், பெட்டிகளை எங்கே கொண்டுபோனார்? உனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுது.

அண்ணன்


மாடிவீட்டிலிருந்து,
மே 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு சுகம். உங்கள் உடம்பும் அண்ணி உடம்பும் எப்படி இருக்கின்றன? கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை.

மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது. வீட்டின் சொந்தக்காரரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. முழங்காலுக்கு டாக்டர் ஒரு பட்டை கொடுத்திருக்கிறார். கட்டிக்கொண்டால் கொஞ்சம் பரவாயில்லை. பிப்ரவரி கடைசியிலிருந்து ஒரு தையல்கடைக்குப் போய்வருகிறேன். பட்டன் தைப்பதும் மடித்து அடுக்குவதும்தான் வேலை. முதலாளியம்மா நல்ல மாதிரி.

கீழ்வீட்டுக்காரர் காலி செய்துகொண்டு போய்விட்டார். எங்கே என்று தெரியவில்லை. பகலில் நான் தையல்கடையில் இருப்பதால் பெட்டி வந்ததா, யார் வாங்கினார் என்பதெல்லாம் எனக்குத் தெரியாது அண்ணா.

கோபத்தில் சாப்பிடாமல் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் தங்கை


கடையிலிருந்து,
மே 12

தங்கைக்கு,

உன் கடிதத்தில் தொட்டி இருக்கிறது, பட்டன் இருக்கிறது, உன் முதலாளியம்மாவின் குணம்கூட இருக்கிறது. உன் கணவர் இல்லை. திருமணமான நாளிலிருந்து நீ எழுதிய கடிதங்களில் "இவர்" என்ற சொல் வராத முதல் கடிதம் இதுதான்.

நீ எழுதாததை நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டவரை அழைத்துப் பேசினேன். கீழ்வீடு ஓராண்டாகப் பூட்டிக் கிடக்கிறது என்றார். அங்கே ஒப்பந்தக்காரரும் இல்லை, பங்காளிகளும் இல்லை. பிறகு உங்கள் ஊர்க் கூரியர் அலுவலகத்தில் கேட்டேன். பெட்டி கொண்டுவந்தவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. மாடியிலிருந்து இறங்கி வந்து வாங்கியவர் அவர் தோளில் தட்டி, "என் மச்சான் கடைச் சரக்குப்பா, பாத்து இறக்கு" என்றாராம். நான்கு முறையும் அதையே சொல்லிச் சிரித்தாராம்.

திருடன் சிரிப்பது புதிதல்ல. என் நெஞ்சை அறுப்பது வேறு. பேரம் பேசாதவனைக் கவனி, கார்டை மாற்றுபவனைக் கவனி, முகவரியைக் கவனி என்று அத்தனையையும் வரிசையாக எழுதி, அவற்றில் ஓட்டை எங்கே இருக்கிறது என்பதையும் அடிக்கோடிட்டு உனக்கு அனுப்பியவன் நான். பூட்டைச் செய்தவன் சாவியின் அச்சையும் தபாலில் சேர்த்திருக்கிறேன். உன் கணவர் அதை இரண்டு தடவை சத்தமாகப் படித்தார் என்று நீயே எழுதினாய். நான் மகிழ்ந்துபோனேன். அவருக்கு என் தொழிலில் அக்கறை வந்துவிட்டது என்று உன் அண்ணியிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். நடந்ததை நடந்தபடி உன் கையால் எழுதி, கையெழுத்திட்டு, காவல்நிலையத்தில் கொடுத்து, நகலை எனக்கு அனுப்பு. முழு உண்மை வேண்டும். பூசி மெழுகியது வேண்டாம்.

அண்ணன்


மாடிவீட்டிலிருந்து,
ஜூன் 1

அண்ணா,

சுகமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது. கேட்கிறேன். சுகமா?

இவர் செய்யவில்லை என்று நான் எழுதவில்லையே. எழுதியிருந்தால் நீங்கள் திட்டலாம். எனக்குத் தெரியாது என்றுதான் எழுதினேன். தெரியாது என்று சொல்லித்தான் நான் இந்த வீட்டில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன்.

கார்டு எண்களை யாரோ ஒரு கூட்டாளி கொடுத்தானாம். உங்களிடம் போனில் பேசியவனும் அவன்தானாம். கருவிகள் எல்லாம் வந்த அன்றே கைமாறிவிட்டன. வந்த காசில் பாதி பழைய கடனுக்குப் போய்விட்டது. மீதி எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. இது நிஜமாகவே தெரியாது. நான் கேட்டதற்கு, "உங்க அண்ணன் என்ன, இதுல தெருவுக்கா வந்துடுவாரு? பேங்க்காரன் பாத்துக்குவான்" என்றார். வேலை கிடைத்ததும் மாதாமாதம் திருப்பித் தந்துவிடுவதாகச் சொல்லச் சொன்னார்.

நான் எழுதிக் கொடுத்தால் இவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அப்புறம் இந்த வீட்டில் என்னை யார் இருக்க விடுவார்கள்? மாமியார் விடுவாரா? உங்கள் வீட்டுக்கு வரலாம்தான். அண்ணி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். சொல்லாமலே இருப்பாரே, அதை என்னால் தாங்க முடியாது.

உங்களுக்குக் கடை. எனக்கு இந்த நாலு சுவர். இதற்குமேல் என்னைக் கேட்காதீர்கள் அண்ணா.

தங்கை


கடையிலிருந்து,
ஜூலை 2

தங்கைக்கு,

இங்கு யாருக்கும் காய்ச்சல் இல்லை.

மாதாமாதம் திருப்பித் தருவதாக உன் கணவர் சொல்லியனுப்பியிருக்கிறார். அவர் தரப்போவது எந்தக் கார்டிலிருந்து என்று கேட்டுச் சொல்.

உனக்கு நாலு சுவர் என்று எழுதியிருக்கிறாய். இந்தக் கடையிலும் சுவர்கள் இருக்கின்றன. ஒன்றில் இன்னும் அந்த விதி ஒட்டியிருக்கிறது. வருகிறவர்கள் படித்துவிட்டு, நல்ல யோசனை சார் என்று பாராட்டிவிட்டுப் போகிறார்கள். உன் அண்ணி அந்தச் சுவர்ப் பக்கம் திரும்புவதில்லை. அவள் என்னை ஒருமுறைகூடக் குத்திக்காட்டவில்லை. தான் போட்டிருந்த இரண்டு வளையலைக் கழற்றி மேசைமேல் வைத்தாள், அவ்வளவுதான். தான் சொன்னதைக் கேட்காத ஒருவனுக்கு இதைவிடக் கடுமையான தண்டனை இருக்க முடியாது.

வங்கி இன்னும் ஒரு மாதம் அவகாசம் தந்திருக்கிறது. நான் எழுதிக் கொடுத்தால் அது கடைக்காரன் புலம்பல். அந்த வீட்டில் இருப்பவள் எழுதிக் கொடுத்தால் சான்று. கடையைக் காப்பாற்றக்கூடிய காகிதம் ஒன்றே ஒன்றுதான். அதை எழுத உன் ஒருத்தியால்தான் முடியும்.

உன்னைப் பள்ளிக்கு அழைத்துப்போனதையோ, உன் திருமணத்தை நடத்தியதையோ சொல்லிக்காட்டும் பழக்கம் எனக்கு இல்லை. நீ இதுவரை என்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறாய். நான் உன்னிடம் கேட்பது இதுவே முதல்முறை. எழுத மாட்டாய் என்றால் பதிலும் எழுத வேண்டாம். பதில் வரவில்லை என்பதையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன். எனக்குத் தங்கை ஒருத்தி இருந்தாள் என்பதையும் அதோடு முடித்துக்கொள்கிறேன்.

அண்ணன்


தையல்கடை முகவரி,
செப்டம்பர் 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

மேலே இருக்கும் முகவரிக்கு எழுதுங்கள். கடைக்குப் பின்னால் துணி மூட்டை வைக்கும் அறை. ஜன்னல் இருக்கிறது.

ஜூலை கடைசியில் போய் எழுதிக் கொடுத்துவிட்டேன். வங்கிக் கிளைக்கும் ஒரு நகல் கொடுத்தேன். உடனே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். என்னால் முடியாமல் போன காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

இவரை அன்று மாலையே வந்து அழைத்துப்போனார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவ விட்டார்கள். என்னைத் திரும்பிப் பார்த்து, "நீயா?" என்று மட்டும் கேட்டார். மாமியார் என் துணிமணிகளை மாடிப்படியில் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு அது பிள்ளை.

முழு உண்மை வேண்டும், பூசி மெழுகியது வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அதனால் என்னைப் பற்றியும் எழுதினேன். எங்கள் வீட்டு முகவரிக்கும் போன் போட்டுப் பார்ப்பீர்களா என்று ஜனவரியில் கேட்டேனே, அது சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டதில்லை. கீழ்வீடு காலியாகத்தான் இருந்தது. என்ன நடக்கப்போகிறது என்று எனக்கு அப்போதே தெரியும். இவர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எழுதினேன். ஆனால் பேனா என் கையில்தான் இருந்தது. இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுத மனம் வரவில்லை. இன்ஸ்பெக்டர், "இதை ஏம்மா எழுதறே, அடிச்சிடு" என்றுகூடச் சொன்னார். எங்கள் அண்ணன் முழுசாகக் கேட்டிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன்.

அதனால் வழக்கில் என் பெயரும் சேர்ந்துவிட்டது. பதினைந்து நாள் உள்ளே இருந்தேன். முதலாளியம்மா ஜாமீன் கையெழுத்துப் போட்டு அழைத்துவந்தார். உங்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன்.

திட்டுவதற்காகவாவது எழுதுங்கள். அதுவும் முடியாவிட்டால் ஒரே ஒரு வரி போதும். என் காகிதம் சமயத்துக்கு வந்து சேர்ந்ததா? மெஷின் கடையில் இருக்கிறதா? அது இருக்கிறது என்று தெரிந்தால் எனக்கு இங்கே தூக்கம் வரும்.

உங்கள் தங்கை


வீட்டிலிருந்து,
அக்டோபர் 14

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. பலமுறை எழுதிக் கிழித்தேன். "ஆம், இருக்கிறது" என்று எழுதிய கடிதமும் அவற்றில் ஒன்று. உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். உன் அண்ணி அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "அவளுக்காவது நெசத்தை எழுதுங்க" என்றாள். ஆகவே எழுதுகிறேன்.

இயந்திரம் இல்லை. ஜூன் மாதம் பதினொன்றாம் தேதியே வங்கியின் முடிவு வந்துவிட்டது. பெட்டியை யார் வாங்கினார் என்பது காவல்துறையின் வேலை, அனுப்புமுன் கார்டுக்காரரை அழைத்துக் கேட்டீர்களா என்பதே எங்கள் கேள்வி என்று எழுதியிருந்தார்கள். நான் கேட்கவில்லை. அடுத்த வாரம் ஆள் வந்து இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போனான்.

நான் உனக்கு எழுதியது ஜூலை இரண்டாம் தேதி.

அவகாசம் எதுவும் இருக்கவில்லை. உன் காகிதத்தால் கடைக்கு ஆகக்கூடியது ஒன்றும் இல்லை என்பது, அந்தக் கடிதத்தை எழுதும்போது எனக்கு முழுமையாகத் தெரியும். தெரிந்தே உனக்கு அப்படி எழுதினேன் என்பது உன் அண்ணிக்குத் தெரியாது. போன மாதம்தான் அவளிடம் சொன்னேன்.

ஏன் எழுதினேன் என்று கேட்பாய். நீ எழுதிக் கொடுக்க மாட்டாய் என்று உறுதியாக நம்பித்தான் எழுதினேன். மாட்டேன் என்று நீ ஒதுங்கியிருந்தால், உன்னையும் அந்த ஆளையும் ஒரே தட்டில் வைத்து வெறுத்துவிட்டு மிச்சக் காலத்தை ஓட்டியிருப்பேன். அது எனக்கு எளிதாக இருந்திருக்கும். நீ எழுதிவிட்டாய். அதுவும் நான் கேட்டதற்கு மேலேயே எழுதிவிட்டாய்.

காவல்நிலையத்தில் உன் வாக்குமூலத்தைப் படிக்கக் கொடுத்தார்கள். பணத்தை இழந்தவன் நான் என்பதால் என் வாக்குமூலமும் வேண்டுமாம். உன் பெயரை எடுத்துவிடும்படி கேட்டேன். அந்த அம்மாவே தெரிந்துதான் செய்தேன் என்று எழுதியிருக்கும்போது யாரும் எடுக்க முடியாது சார் என்றார்கள். வழக்கு தொடங்கும்போது உனக்கு எதிரான சாட்சியாக என்னைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். நீ எழுதிய கேள்வியையும் நான் எழுதிய பதிலையும் அங்கே நான் சொல்ல வேண்டும். சொல்வேன். ஜூலை இரண்டாம் தேதி நான் எழுதியதைப் பற்றி யாரும் கேட்கப்போவதில்லை. அதற்குச் சட்டத்தில் இடம் இல்லை.

கடையைக் காலி செய்துவிட்டோம். மீதிச் சரக்கை எதிர்க்கடைக்காரர் மொத்தமாக எடுத்துக்கொண்டார். உன் அண்ணி நாளைக் காலை வண்டியில் அங்கே வருகிறாள். உன்னை அழைத்துவருவதா, உன்னோடு அங்கேயே சில நாள் இருப்பதா என்பதை உன்னைப் பார்த்துத்தான் முடிவு செய்வாளாம். இந்தக் கடிதத்தை அவளே கொண்டுவந்து உன் கையில் கொடுக்கிறாள். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

அண்ணன்